செட்டியார் வீட்டு ஜப்பான் பாட்டில்!

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விஸ்கி விஷயத்தில் நான் ஒன்றும் பெரிய பண்டிதன் இல்லை. கல்யாணமாகாத பேங்க் கிளார்க்குக்கு என்ன தெரியுமோ, அதுதான் எனக்கும் தெரியும். மாசத்தின் முதல் வாரம் ஆளுக்கொரு குவார்ட்டர். கடைசி வாரம் ஒரு குவார்ட்டருக்கு மூன்று ஆள். நடுவில் இரண்டு வாரம் பிள்ளையார்பட்டி!

அப்பேர்ப்பட்டவன் ஒரு ஜப்பான் விஸ்கி பாட்டிலை இருபது வருஷம் மனசுக்குள்ளேயே காதலித்தேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

மெட்ராஸ், சென்னை ஆன மறு வருஷம், அதாவது 1997-ல், என்னைக் காரைக்குடிக்கு மாற்றினார்கள். வயசு இருபத்தஞ்சு. செக்காலை ரோட்டில் லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகவில்லை. பஸ்ஸில் பத்து நிமிஷ தூரத்தில் ஒரு ஊரில், ஒரு செட்டியார் வீட்டு முகப்பில் ரூம் கிடைத்தது. ரூமா அது? ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. பர்மாத் தேக்குத் தூண் ஒவ்வொன்றையும் கட்டிப் பிடித்தால் கை எட்டாது. இந்த அரண்மனையில் குடியிருந்தது செட்டியாரும் ஆச்சியும் மட்டும். பையன் சிங்கப்பூர். பங்காளிகள் பத்தொன்பது பேர், பூமிப் பந்தெங்கும்.

செட்டியாருக்கு அப்போது அறுபத்தஞ்சு இருக்கும். எட்டு முழ வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. வாடகை நானூறு ரூபாய். முதல் தேதி கொடுத்தால் எண்ணிப் பார்க்க மாட்டார். இரண்டாம் தேதி கொடுத்தால் எண்ணிப் பார்ப்பார். வட்டிக் கணக்கு ரத்தத்தில் ஊறிய இனம் சார்!

அந்த வீட்டு வளவில் எனக்குப் பிடித்த இடம் ஒரு சுவர். இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ். ஆத்தங்குடி கல் இல்லை, அது தரைக்கு. இது சுவரில் ஒட்டும் பளபள ரகம். ரோஜாப் பூ, மயில், கொடி, எல்லாம் கையில் தட்டுப்படுகிற மாதிரி புடைத்து நிற்கும். ஒரு நாள் ஒன்று கழன்று விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால், முதுகில் ‘மேட் இன் ஜப்பான்’.

எனக்கு ஆச்சரியம். ரேடியோ, வாட்ச் தவிர ஜப்பான்காரன் வேறு எதையும் அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிறகுதான் தெரிந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்து டைல்ஸ் மார்க்கெட்டை ஜப்பான்காரர்கள் வளைத்துப் பிடித்துவிட்டார்கள். பினாங்கு, சிங்கப்பூர், நம்ம செட்டிநாடு எல்லாம் அவர்கள் சரக்குதான். நம்மூர் சாமி படம் போட்டுக்கூட அங்கிருந்தே சுட்டு அனுப்பியிருக்கிறார்கள். பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து மார்பிள், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி என்று கப்பல் கப்பலாக இறக்கிய செட்டிமார்கள், ஜப்பானை மட்டும் விட்டுவிடுவார்களா?

1998-ல் இந்தச் சுவரைப் பார்க்க ஒரு ஜப்பான்காரர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கூட மதுரையிலிருந்து ஒரு கைடு. பழைய ஜப்பான் டைல்ஸ் எந்தெந்த நாட்டில் எந்தெந்த வீட்டில் ஒட்டியிருக்கிறது என்று தேடிப் படம் பிடிப்பதுதான் அவருக்கு வேலையாம். (நமக்கும் இப்படி ஒரு வேலை வாய்க்கக் கூடாதா?) சுவரைப் பார்த்ததும் மனுஷன் இடுப்பு வரை குனிந்து ஒரு வணக்கம் போட்டார் பாருங்கள். சுவருக்கு!

செட்டியார் எதுவும் பேசவில்லை. முகம் மட்டும் இறுகிப் போயிருந்தது. ஆனால் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. தலைவாழை இலை, வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி. ஜப்பான்காரர் வரமிளகாய்ச் சட்னியைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கண்ணீர் வடித்தார். போகும்போது ஒரு துணி மூட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். செட்டியார் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டார்.

அவர் போனதும் ஆச்சி அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே ஒரு பாட்டில். பாட்டிலா அது? வைரத்துக்குப் பட்டை தீட்டுவது மாதிரி கண்ணாடிக்குப் பட்டை தீட்டியிருந்தது. உள்ளே பழுத்த தேன் நிறம். வளவு வெளிச்சம் பட்டதும் எதிர்ச் சுவரில் பொன்னிறக் கட்டம் கட்டமாக விழுந்தது. லேபிளில் மையால் எழுதிய ஒரே ஒரு ஜப்பானிய எழுத்து. கீழே இங்கிலீஷில் ‘ஹிபிகி’, ‘17’.

“மருந்தா தம்பி?” என்றார் ஆச்சி.

“விஸ்கி ஆச்சி.”

“சிவ சிவா!” முந்தானையால் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார். பெட்டகசாலைக்குள் வைத்துப் பூட்டு விழுந்தது. என் இதயத்திலும்தான்.

அன்று ராத்திரி திண்ணையில் மெதுவாகக் கொக்கி போட்டேன். “ஐயா, அந்த பாட்டிலை... நீங்க சாப்பிடப் போறதில்லை. எனக்கு வேணா...”

“தம்பி, அதைத் தொறக்கிறதும் இல்லை, கொடுக்கிறதும் இல்லை. விருந்தாளி கொடுத்ததைத் தூக்கிப் போடக் கூடாதுங்கிறதுக்காக உள்ள இருக்கு.”

பிறகு, அவராகவே சொன்னார்.

அவர் அப்பச்சி பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போனவர். அங்கே கிட்டங்கியில் இருந்து வட்டிக்கடை நடத்தினார். இந்தச் சுவருக்கு டைல்ஸ் வாங்கி அனுப்பியதே அவர்தான். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பினாங்கில் குண்டு போட்டன. சில நாளில் ஊரையும் பிடித்துக்கொண்டன. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. அவ்வளவுதான். கடிதம் நின்றுபோனது. பணம் நின்றுபோனது. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் செட்டியாரின் ஆத்தா மூன்றரை வருஷம் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது இவருக்குப் பத்து வயசு.

1946-ல் அப்பச்சி வந்து சேர்ந்தார். பாதி உடம்பு. கையில் ஒரே ஒரு மரப்பெட்டி. பெட்டி நிறைய ஜப்பான் அச்சடித்த டாலர் நோட்டு. பத்து டாலர் நோட்டில் வாழைத்தார் படம் போட்டிருக்கும், மலேயாவில் வாழைப்பழ நோட்டு என்றே பேர். கடன் வாங்கியிருந்தவன் எல்லாம் அந்த நோட்டில்தான் திருப்பிக் கட்டினான். வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, துப்பாக்கி நிற்கிறது. 1945-ல் பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் அத்தனையும் செல்லாத காகிதம் என்று சொல்லிவிட்டான். ஒரு தலைமுறைச் சம்பாத்தியம்!

“அப்பச்சி அப்புறம் நாலு வருஷம்தான் இருந்தாக. அந்தச் சுவத்துப் பக்கம் திரும்பி உக்கார மாட்டாக” என்றார் செட்டியார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் அந்த பாட்டில் பேச்சை எடுக்கவில்லை.

1999-ல் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. ஆனால், அந்தப் பொன்னிறக் கட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை. 2003-ல் ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ என்று ஒரு இங்கிலீஷ் படம் வந்ததே, அதில் பில் முர்ரே டோக்கியோவுக்குப் போய் விஸ்கி விளம்பரத்தில் நடிப்பார். கையில் என்ன? நம்ம ஹிபிகி 17! தியேட்டரில் “ஏய், இது எங்க செட்டியார் வீட்டு பாட்டில்” என்று கத்தப் போய், பின் சீட்காரர் முறைத்தார்.

அதற்குப் பிறகு ஜப்பான் விஸ்கி என்று எங்கே பார்த்தாலும் படிப்பது என்று ஆகிவிட்டது. கையில் கிடைக்காத பெண்ணின் ஜாதகத்தை மனப்பாடம் செய்வது மாதிரிதான், வேறென்ன?

2018 ஆவணி. போன் வந்தது. எண்பத்தாறு வயசுக் குரல். “தம்பி, வீட்டைப் பிரிக்கிறோம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” எதற்கு என்று கேட்கவில்லை. பல்லவனில் ஏறிவிட்டேன்.

பத்தொன்பது பங்கு. யாரும் கூரை ஒழுக்கை அடைக்கப் பணம் தர மாட்டேன் என்கிறார்கள். விற்பது என்று முடிவாகிவிட்டது. முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழைய சாமான் வியாபாரி வந்து, தூணுக்கும் கதவுக்கும் சாக்பீஸில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். டைல்ஸைக் கத்தியால் நெம்பி எடுத்து, வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தங்கியிருந்த முகப்பு ரூமில் கதவே இல்லை.

செட்டியார் ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முக்காலி மேல் அந்த பாட்டில். இருபது வருஷத்துக்குப் பிறகும் அதே தேன் நிறம். கழுத்துப் பக்கம் மட்டும் ஒரு விரல்கடை குறைந்திருந்தது.

“பெட்டகசாலையைக் காலி பண்ணும்போது வந்துச்சு. சிங்கப்பூர்லேர்ந்து பையன் போன்ல சொல்றான், ‘அப்பச்சி, தொறந்துறாதீக, அது இனிமே வராதாம், வித்தா ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்கலாம்’னு. இந்த வயசுல எனக்கு எதுக்கு ஸ்கூட்டரு?”

பையன் சொன்னது நிஜம்தான். அந்த வருஷம் மே மாசம்தான், ஹிபிகி 17-ஐ நிறுத்தப் போவதாக சன்டோரி கம்பெனி அறிவித்திருந்தது. காரணம் சிரிப்பாக இருக்கும். சரக்கு இல்லை! 1983 வாக்கில் ஜப்பானில் விஸ்கி குடிப்பது உச்சத்தில் இருந்தது. பிறகு சரிய ஆரம்பித்து, இருபத்தைந்து வருஷம் சரிந்துகொண்டே போனது. விற்காத சரக்கை யார் காய்ச்சுவான்? குறைத்துவிட்டார்கள். 2008-க்குப் பிறகு ஜப்பான் இளைஞர்கள் விஸ்கியில் சோடா ஊற்றி ஹைபால் என்று குடிக்க ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் பரிசு மேல் பரிசு வேறு. 2014-ல் ஒரு பிரபல விஸ்கி கையேடு, ஸ்காட்லாந்தை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, யமசாக்கி என்ற ஜப்பான் விஸ்கிக்கு உலகத்திலேயே முதல் இடம் கொடுத்தது. உலகமே பாட்டிலைக் கேட்டது. ஆனால் இன்றைக்குப் பதினேழு வருஷச் சரக்கு வேண்டுமென்றால், பதினேழு வருஷத்துக்கு முன்னால் யாராவது காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றி வைத்திருக்க வேண்டுமே! ஓவர்டைம் போட்டாலும் நடக்காத காரியம். (2020-ல் ஹாங்காங் ஏலத்தில் 55 வருஷ யமசாக்கி ஒரு பாட்டில் ஏறக்குறைய ஆறு கோடி ரூபாய்க்குப் போனது. என்ன அநியாயம் சார்! எந்தத் திரவத்துக்கும் அந்த விலை கிடையாது, ஆறு போகம் விளைவிக்கும் தண்ணீரைத் தவிர.)

“தொறங்க தம்பி” என்றார் செட்டியார்.

மூடி கண்ணாடி. அடியில் கார்க். இருபது வருஷச் செட்டிநாட்டு வெயிலில் கார்க் வறண்டு போயிருந்தது. திருகினேன். பாதி கையோடு வந்தது, மீதி பொடிப் பொடியாக உள்ளே விழுந்தது. இருபது வருஷக் காதல்... முதல் தொடுதலிலேயே கார்க்குத் தூள்!

ஆச்சி உள்ளே போய்க் காபி வடிகட்டுகிற துணியைக் கொண்டுவந்தார். இருபது வருஷம் முன்னால் முந்தானையால் தூக்கியவர், இப்போது வெறுங்கையால் பிடித்துக்கொண்டார். வெள்ளிச் செம்பு மேல் துணியைக் கட்டி, சொட்டுச் சொட்டாக வடிகட்ட ஆரம்பித்தோம். அது வடிகிற வரைக்கும் செட்டியார் என்னைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்.

“பதினேழுன்னு போட்டிருக்கே, இப்ப இது முப்பத்தேழு ஆச்சா?”

“இல்லீங்க ஐயா. பாட்டிலுக்குள்ள போயிட்டா வயசு நின்னுடும். மரப் பீப்பாய்ல இருக்கிற வரைக்கும்தான் கணக்கு. அதுலயும் பல பீப்பாய்ச் சரக்கைக் கலக்குறாங்க. கலக்குனதுலேயே ரொம்பச் சின்னது எதுவோ, அதோட வயசைத்தான் லேபிள்ல போடணும். மத்ததெல்லாம் அதுக்கு மூத்தது.”

“நம்ம ஆளுகளா இருந்தா மூத்தவன் வயசைப் போட்டிருப்பாக” என்றார் செட்டியார்.

“இதை யாரு மொத ஆரம்பிச்சது?”

சொன்னேன். ஒசாகாவில் டோரி ஷின்ஜிரோ என்று ஒரு வியாபாரி. 1899-ல் கடை போட்டவர். இனிப்பு ஒயின் விற்றுக் காசு பார்த்தார். ஜப்பானிலேயே விஸ்கி காய்ச்ச வேண்டும் என்று அவருக்கு வெறி. இன்னொரு பக்கம் டக்கெட்சுரு மசடகா. ஹிரோஷிமா பக்கம் சாக்கே காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. 1918-ல் கப்பலேறி ஸ்காட்லாந்து போனார். கிளாஸ்கோவில் படிப்பு, டிஸ்டிலரிகளில் வேலை, நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் படம் வரைந்து குறித்துக்கொண்டார். 1920-ல் ரீட்டா கோவன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டு ஊர் திரும்பினார்.

“நம்ம ஊர்லேர்ந்து போனவுக வட்டியோட வந்தாக. அவரு பொண்டாட்டியோட வந்தாரா?” என்றார் ஆச்சி.

1923-ல் டோரி இவரைப் பிடித்துப் போட்டார். கியோட்டோவுக்குப் பக்கத்தில் யமசாக்கியில் ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி டிஸ்டிலரி எழுந்தது. 1929-ல் முதல் விஸ்கி வந்தது, படுத்தும் விட்டது. ஸ்காட்லாந்துக்காரன் மாதிரியே புகை வாசனையோடு காய்ச்சினால் ஜப்பான் நாக்குக்குப் பிடிக்குமா? இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. 1934-ல் டக்கெட்சுரு பிரிந்து, வடக்கே ஹொக்கைடோவில் யோய்ச்சி என்ற குளிர் பிரதேசத்தில் சொந்தமாகத் தொடங்கினார். பிற்பாடு அதுதான் நிக்கா கம்பெனி.

“தம்பி, ஒரு சந்தேகம்.” செட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “காய்ச்சிப் பல வருஷம் வச்சிருக்கணும்கிறீக. அதுவரைக்கும் முதல் முடங்குதே? வட்டி என்னாகும்? சம்பளம் எப்படிப் போடுவான்?”

அசந்துவிட்டேன். விஸ்கி பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். எந்த வெள்ளைக்காரனும் முதல் கேள்வியாக இதைக் கேட்டதில்லை.

“யோய்ச்சில ஆப்பிள் நிறைய விளையும் ஐயா. விஸ்கி ஊறுற வரைக்கும் ஆப்பிள் ஜூஸ் பிழிஞ்சு வித்தாரு. கம்பெனி பேரே பழக் கம்பெனிதான். 1940-லதான் முதல் விஸ்கி வெளிய வந்துச்சு.”

“அதான் புத்தி!” என்று தொடையில் தட்டினார். ஜப்பான்காரன் ஒருவனை அவர் பாராட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“சேதாரம் உண்டா?”

இந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விஸ்கிக்காரர்கள் இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். மரத்தின் துவாரம் வழியாக வருஷா வருஷம் ஆவியாகிப் போவது. செட்டியார் பாஷையில் சேதாரம்! ஸ்காட்லாந்துக் குளிரில் வருஷத்துக்கு இரண்டு சதவீதம் போகும். 200 லிட்டர் பீப்பாயில் பதினேழு வருஷம் கழித்து 142 லிட்டர் தேறும். பெங்களூரில் அம்ருத் கம்பெனி காய்ச்சுகிறதே, 2004-ல் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய்த் தைரியமாக இறக்கிய சிங்கிள் மால்ட், அங்கே சேதாரம் பத்து சதவீதத்துக்கு மேல். பத்து என்றே வைத்தாலும் பதினேழு வருஷத்தில் 33 லிட்டர்தான் மிச்சம். அதனால் அங்கே சின்ன வயசிலேயே எடுத்துவிடுகிறார்கள். வெயிலில் சீக்கிரம் முதிர்ந்தும் விடுகிறது. காரைக்குடியில் பீப்பாய் வைத்தால்? பங்காளிகளுக்கு வீட்டில் மிஞ்சியதுதான் பீப்பாயிலும் மிஞ்சும்.

நம்ம குவார்ட்டர் விஷயமே வேறு. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும் பங்கு, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸில் காய்ச்சிய சாராயத்துக்கு நிறமும் கொஞ்சம் மால்ட்டும் சேர்த்தது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று லேபிள் ஒட்டி விற்க முடியாது, தானியத்தில் காய்ச்சினால்தான் அங்கே விஸ்கி. ஜப்பான்காரனும் ஒன்றும் சுத்த சிவம் இல்லை. வெளிநாட்டுச் சரக்கை வாங்கி ஊற்றி ஜப்பான் விஸ்கி என்று விற்றவர்களும் அங்கே உண்டு. 2021-ல்தான் அவர்கள் சங்கம் கூடி, ஜப்பானிலேயே காய்ச்சி, அங்கேயே மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் வைத்தால்தான் அந்தப் பேர் என்று விதி போட்டது.

“கலக்குறதுன்னா எப்படித் தம்பி? நம்ம கடைக்காரன் பாலுக்குத் தண்ணி கலக்குற மாதிரியா?” ஆச்சியின் கேள்வி.

“இல்லை ஆச்சி. உங்க மசாலா மாதிரி. யமசாக்கில ஒரு டிஸ்டிலரி, ஹக்கூஷூன்னு மலைமேல ஒண்ணு, ரெண்டும் பார்லி மால்ட். சிட்டான்னு ஒரு ஊர்ல சோளத்துல காய்ச்சுற லேசான சரக்கு. ஒவ்வொண்ணும் வேற வேற மரத்துல, வேற வேற வயசுல. எல்லாத்தையும் மோந்து மோந்து பார்த்து ஒருத்தர் சேர்ப்பாரு.”

“பட்டை தனியா, கிராம்பு தனியா, கல்பாசி தனியான்னு வாசம் அடிச்சா அது மசாலா இல்லை. இன்னதுன்னு சொல்லத் தெரியக் கூடாது. அதானே?”

அதேதான். 1989-ல் கம்பெனிக்குத் தொண்ணூறு வயசு ஆனதற்காக ஹிபிகியைக் கொண்டுவந்தார்கள். ஹிபிகி என்றால் ஒலியின் அதிர்வு. வீணைக் கம்பியை மீட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகும் காதில் நிற்குமே, அது. பாட்டிலில் பட்டைகள் இருபத்துநாலு. ஜப்பான் பழைய பஞ்சாங்கத்தில் வருஷத்துக்கு இருபத்துநாலு பருவமாம். லேபிள்கூடக் கையால் செய்த காகிதம்.

வடிந்து முடிந்தது.

வெள்ளி டம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றினேன். முதலில் அவர் கையில் கொடுத்தேன். சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு, குடிக்க மாட்டார். “வாசனை மட்டும் பாருங்க ஐயா.”

மூக்குக்கிட்டே கொண்டுபோனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். கண் மூடியிருந்தது. மறுபடியும் முகர்ந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார்.

“ஆச்சி... இங்க வா. இதை மோந்து பாரு.”

ஆச்சி முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். “பினாங்குப் பெட்டி” என்றார்.

எனக்குப் புரியவில்லை. செட்டியார்தான் சொன்னார். அப்பச்சி 1946-ல் கொண்டுவந்தாரே அந்த மரப்பெட்டி, அதில் நோட்டுக் கட்டுக்கு அடியில் நாலு துண்டு அகில் கட்டையும் ஒரு சந்தனக் கட்டையும் இருந்ததாம். பினாங்கிலிருந்து எல்லோரும் கொண்டுவருவதுதான். நோட்டை ஆத்தா அடுப்பில் போட்டுவிட்டார். கட்டையை மட்டும் எடுக்கவே இல்லை. செட்டியார் சின்னப் பிள்ளையில் அப்பச்சி ஞாபகம் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விடுவாராம்.

எனக்கு முதுகு சிலிர்த்தது. ஏனென்றால் அதன் காரணம் எனக்குத் தெரியும். ஜப்பானில் மிசுனாரா என்று ஒரு ஓக் மரம். போர்க் காலத்தில் வெளிநாட்டிலிருந்து பீப்பாய் வருவது நின்றுபோனது. வேறு வழி இல்லாமல் உள்ளூர் மிசுனாரா மரத்தில் பீப்பாய் செய்தார்கள். கோணல் மரம், ஒழுகும், தச்சர்களுக்குத் தலைவலி. விஸ்கியும் முதலில் சுமாராகத்தான் இருந்ததாம். ஆனால் பதினைந்து, இருபது வருஷம் கிடந்த பிறகு அந்த மரத்திலிருந்து யாருமே எதிர்பார்க்காத ஒரு வாசனை இறங்கியது. சந்தனமும் அகிலும்! ஜப்பான் கோயில் ஊதுபத்தி வாசனை என்கிறார்கள் அவர்கள். ஹிபிகி மாதிரி முதிர்ந்த கலவைகளில் அந்தப் பீப்பாய்ச் சரக்கும் கொஞ்சம் சேர்கிறது. எந்தப் போர் பினாங்குக் கடிதத்தை நிறுத்தியதோ, அதே போர்தான் அந்தப் பீப்பாயையும் செய்ய வைத்தது.

இதைச் செட்டியாரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. டைல்ஸ் எடுத்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து. பிறகு ஒரு விரலை டம்ளரில் நனைத்து நாக்கில் வைத்தார்.

“கசக்கலையே!” என்றார்.

அப்புறம் என் முறை. இருபது வருஷம் காத்திருந்தவனுக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? முதல் ஆச்சரியம், தொண்டையோடு சண்டை போடவில்லை. நாற்பத்து மூன்று சதவீத ஆல்கஹால், ஆனால் எரிச்சல் இல்லை. முதலில் அந்தச் சந்தனம். அடுத்து தேன், கொஞ்சம் வெல்லப்பாகு, வெயிலில் காய்ந்த நாரத்தைத் தோல். நடுவில் பழைய தேக்கு பீரோவைத் திறந்த மாதிரி ஒரு மர வாசம். விழுங்கிய பிறகும் போகாமல், பட்டாலையைத் தாண்டி நடந்து போகிறவரின் காலடிச் சத்தம் மாதிரி மெதுவாகக் குறைந்துகொண்டே போனது. தண்ணீர் கொஞ்சம் விட்டேன். ஜப்பான்காரர்களும் தண்ணீர் விட்டுத்தான் குடிக்கிறார்கள், மிசுவாரி என்று பேர்கூட உண்டு. (நாங்கள் மூன்று பேர் ஒரு குவார்ட்டரில் செய்ததும் அதுதான், பேர் தெரியாமல் போச்சு.) தண்ணீர் விட்டதும் உடையவில்லை, இன்னும் விரிந்தது. ஒரு கட்டத்தில் எது மரம், எது பழம், எது தேன் என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. ஆச்சி சொன்ன மசாலா.

ஸ்கூட்டர் விலைக்குத் தகுமா என்று கேட்டால், தகாது. ஸ்கூட்டர் ஸ்கூட்டர்தான். ஆனால் வேகமாகக் குடிக்கவே முடியாத விஸ்கி என்று ஒன்று இருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு விரல்கடையை முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

மீதியைச் செட்டியார் என்ன செய்தார் தெரியுமா? வேலையாட்களைக் கூப்பிட்டார். தூணைக் கழற்றிக்கொண்டிருந்த தச்சர், டைல்ஸ் நெம்பியவர்கள், சாக்பீஸ் வியாபாரி, எல்லோருக்கும் ஆளுக்கொரு வெள்ளி டம்ளர். “நம்ம வீட்ல கடைசி விருந்து, சாப்பிடுங்க.” தச்சர் ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குங்க, ஆனா ஏறலை” என்றார். எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது!

டைல்ஸில் ஒன்றை மட்டும் விற்கவில்லை, மயில் போட்ட ஒன்று. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார் செட்டியார்.

சாயங்காலம் கிளம்பும்போது, வியாபாரி ஆச்சியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலி பாட்டிலுக்கே நல்ல விலை தருகிறாராம். ஆச்சி அதற்குள் அதைக் கழுவித் துடைத்து, கழுத்து வரைக்கும் நல்லெண்ணெய் ஊற்றி, சாமி விளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். விளக்குச் சுடரில் இருபத்துநாலு பட்டையும் மின்னிக்கொண்டிருந்தது.

“கொடுக்கிறதுக்கில்லை தம்பி. எண்ணெய் இருக்குல்ல?” என்றார் ஆச்சி.